சிட்டிபாபுவின் பெட்டிக்குள் தேவேந்திரன் வைத்தது

பிள்ளையார்பாளையத்தில் தேவேந்திரனுக்கு ஒரு சின்னக் கடை. செத்துப்போன பழைய ஸ்டீரியோ செட்டுகளை வாங்கி, உள்ளே கருகிக் கிடப்பதையெல்லாம் கழற்றிவிட்டு, உள்ளங்கை அகல புது ஆம்பிளிஃபயர் போர்டு ஒன்றைப் பொருத்துவான். மரப்பெட்டி, திருகுகள், முகப்புக் கண்ணாடிக்குள் ஆடும் ஊசிகள் எல்லாம் பழையபடியே இருக்கும். பார்க்க அந்தக் காலத்துப் பெட்டி, பாட்டு வருவது போனிலிருந்து. பட்டு வியாபாரிகளின் வீட்டுப் பிள்ளைகள் ஆசையாக வாங்கிப் போவார்கள். உள்ளே புதுசு என்பதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை, சிட்டிபாபுவின் செட் வரும் வரை.

சிட்டிபாபு, சேலை டிசைனைப் பார்த்து ஜக்கார்டு தறிக்குத் துளை அட்டை அடித்துக் கொடுப்பவர். தெலுங்கு பேசும் குடும்பம். கோயில் பஜனையில் யாராவது சுருதி விலகினால், கண்ணை மூடியபடியே இன்னார் என்று சொல்லிவிடுவார். அவர் காதுக்கு ஊரில் அப்படி ஒரு மரியாதை. போன மழைக்கு அவருடைய பழைய ஆம்பிளிஃபயர் இடி விழுந்து ஊமையாகிவிட்டது. ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தார்.

"தேவேந்திரா, இதுல எதையும் மாத்தாத. உள்ள இருக்கறதையே சரி பண்ணு. முடியலைன்னா சொல்லிடுபா, அப்படியே எடுத்துக்கினு போயிடறேன்."

கடையில் வேறு ஆட்களும் நின்றிருந்தார்கள். "இன்னாண்ணா இப்படி சொல்லிட்டீங்க? என் கையால ஆவாத செட்டா?" என்றான் தேவேந்திரன்.

ஆகவில்லை. டிரான்ஸ்பார்மர் வெந்துபோயிருந்தது. அதற்கான டிரான்சிஸ்டர்கள் இப்போது வருவதில்லை. சென்னையில் தேடிப் பிடித்தவை போலி; கரண்ட் கொடுத்ததும் புகைந்தன. இடையில் சிட்டிபாபுவின் மனைவி கமலாட்சி கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். "ஆயிடுச்சாபா? பாட்டு இல்லாம மனுசன் சோத்துல குறை சொல்லிக்கினே இருக்காரு."

"நாளைக்கு ஆயிடும்மா" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே பழைய போர்டைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு, புதியதை முடுக்கினான். கொடுக்கும்போது விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான்.

சிட்டிபாபு கடைக்கு வந்து, அங்கிருந்த டேப்பில், கோயில் திருவிழாவில் தானே பதிவு செய்த நாதஸ்வர கேசட்டைப் போட்டார். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தேவேந்திரனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அதே சத்தம்பா." கண் கலங்கியிருந்தது. தேவேந்திரன் விஷயத்தைச் சொல்லாமலே செட்டைத் துடைத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் அவஸ்தை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிட்டிபாபு வீட்டில் நாலைந்து பேர் பாட்டு கேட்கக் கூடுவார்கள். தாமல் கிராமத்திலிருந்து ராமலிங்கம் என்ற விவசாயி பஸ் ஏறி வருவார். தேவேந்திரனுக்கு மட்டும் நாற்காலி போடுவார் சிட்டிபாபு. "இப்ப வர்ற சைனா போர்டுல இந்த ஆழம் வருமா? இதோ, தேவேந்திரனையே கேளுங்க" என்பார். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தேவேந்திரன் தலையாட்டுவான். ஆட்டிய தலையைப் பிறகு நிமிர்த்த முடியாது. கமலாட்சி கொடுக்கும் காபி ஆறிப்போகும். வேலை இருக்கிறது என்று இரண்டு வாரம் போகாமல் இருந்தான். சிட்டிபாபு கடைக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார்.

அந்தப் புது போர்டில் ப்ளூடூத்தும் இருந்தது. தேவேந்திரன் அதை ரிமோட்டில் கேசட் பக்கம் மாற்றி வைத்திருந்தான். சுவிட்சை அணைத்துப் போட்டால் அது அப்படியே நிற்கும். மின்சாரம் விட்டுவிட்டு வந்தால் அதை மறந்து ப்ளூடூத்துக்கே திரும்பிவிடும் என்பது அவனுக்கே தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. வந்தது. மறுபடி போய் வந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் இங்கிலீஷில் ஏதோ அறிவித்தது. பக்கத்து அறையில் சேலை விற்கும் வீடியோ பார்த்துக்கொண்டிருந்த மருமகள் சுகாசினி தன் சின்ன ஸ்பீக்கர் என்று நினைத்து, போனில் வந்த பெயரைத் தொட்டிருக்கிறாள். அடுத்த நொடி கூடம் முழுக்க, "அக்கா, பார்டர் பாருங்க அக்கா, இன்னிக்கு மட்டும்தான் ஆஃபர்!" என்று பெட்டி கத்தியது. ஊசிகள் இரண்டும் அதற்குத் தகுந்தபடி துள்ளின.

"இன்னாபா இது, பொட்டிக்குள்ள யாராவது கடை போட்டுக்கினு இருக்காங்களா?" என்றார் ராமலிங்கம். எல்லோரும் சிரித்தார்கள்.

சிட்டிபாபு சிரிக்கவில்லை. தேவேந்திரனைப் பார்த்தார். அவன் முகமே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். உடனே திரும்பிக்கொண்டு, "நான்தான் போடச் சொன்னேன். சுகாசினி போன்ல இருந்து பாட்டு கேக்கணும்னுச்சு" என்றார்.

"அப்ப உள்ள புதுசா?" என்றார் ராமலிங்கம்.

"கொஞ்சம் புதுசு, கொஞ்சம் பழசு" என்று சொல்லி, சிட்டிபாபு பெட்டியை அணைத்தார்.

எல்லோரும் போன பிறகு தேவேந்திரன் எழுந்து நின்றான்.

"எப்ப மாத்துன?"

"குடுக்கறதுக்கு முன்னாடியே அண்ணா."

"அப்ப அன்னிக்கு உன் கடையில நான் கேட்டதே..."

"ஆமாண்ணா."

திட்டுவார், அடித்தாலும் பரவாயில்லை என்று நின்றான். சிட்டிபாபு மெல்லத்தான் பேசினார். "மாத்துனது கூட போவட்டும்பா. நான் பெருமையா பேசிக்கினு இருக்கறப்ப, எதிர்ல உக்காந்து தலையாட்டுனியே. மனசுக்குள்ள சிரிச்சியா?"

"சத்தியமா இல்லண்ணா. கூசிப்போய்தான் உக்காந்துக்கினு இருந்தேன்."

"எனக்கு இப்பதான் கூசுது" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அதோடு நின்றது. வெளியில் மூட்டு வலி என்று சொல்லிக்கொண்டார். தேவேந்திரன் கடையிருக்கும் தெருவில் வருவதையே நிறுத்திவிட்டார். தேவேந்திரன் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, அதே மாடல் செட் ஒன்றைப் பிடித்தான். அதிலிருந்து டிரான்ஸ்பார்மரையும் டிரான்சிஸ்டர்களையும் எடுத்து, அட்டைப்பெட்டியில் கிடந்த பழைய போர்டுக்கு உயிர் கொடுத்தான். பல வாரம் பிடித்தது. துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சிட்டிபாபு வீட்டுக்குப் போனான்.

அவர் பிரித்துப் பார்த்தார். வேலை சுத்தம் என்பது அவருக்கும் தெரிந்தது.

"இத இப்பவே மாட்டிடறேண்ணா."

"மாட்டுவ. நானும் கேப்பேன். நல்லாருக்குதுன்னு எந்த வாயால சொல்றது? எனக்குத்தான் வித்தியாசமே தெரியலையேபா."

"தப்பு உங்க காதுல இல்லண்ணா. என்மேலதான்."

"தெரியுது. தெரிஞ்சும் பாட்டு கேக்க முடியல." போர்டை மறுபடி துணியில் சுற்றினார். "வெச்சிட்டுப் போ. தோணுச்சுன்னா கூப்பிடறேன்."

இன்னும் கூப்பிடவில்லை.

சமீபத்தில் ராமலிங்கம் தன் வீட்டுப் பழைய செட்டைக் கடைக்குக் கொண்டுவந்தார். "சிட்டிபாபுதான் உன்கிட்ட குடுக்கச் சொன்னாரு. நீ சொல்லாம எதையும் மாத்த மாட்டியாமே."

உண்மையைச் சொன்னால், தனக்காக சிட்டிபாபு சொன்ன பொய் வெளியே வந்துவிடும். தேவேந்திரன் செட்டைத் தன் பக்கம் திருப்பி, குனிந்து திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தான். ராமலிங்கம் போகும் வரை நிமிரவில்லை.