பிடி என்றால் விடு

என் அக்காவைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். சின்ன வயதில் அவளுடைய சுருட்டை முடிமேல் பொறாமை, அப்புறம் அம்மா அவளுக்கு முதலில் வாங்கிக் கொடுத்த ஜிமிக்கிமேல் பொறாமை. அதெல்லாம் எல்லா வீட்டிலும் உண்டு, கல்யாணமானால் அடங்கிவிடும். ஒரு கால்பந்து ஆட்டம் கொண்டுவந்து சேர்த்த பொறாமை மட்டும் இன்னும் அடங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. கன்னட நாட்டில் தமிழர்கள் நிறைந்த பேட்டையான ஒக்கலிபுரத்தில் அக்காவும் நானும் அடுத்தடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தோம். பெரிய தெரு அவளுடையது, சின்னத் தெரு என்னுடையது. இரண்டுக்கும் தனித்தனி டீம். என் கெட்ட நேரம், இரண்டு வீட்டுக்காரர்களும் ஸ்டாப்பர்கள். கோலுக்கு முன்னால் கடைசி ஆளாக நின்று தடுக்கிற வேலை. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், பெயின்ட் வேலைக்குப் போவார். என்னவர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குவார். ஆட்டத்தில் யார் கெட்டி என்று என்னைக் கேட்டால் என்னவர்தான். நான் பெண்டாட்டி என்பதற்காகச் சொல்லவில்லை, பெரிய தெருக்காரர்களே சொல்வார்கள்.

ஊரின் அந்தக் கோடியில் ஓர் அரசாங்கத் தொழிற்சாலை இருந்தது. அதற்கென்று நல்ல டீம் ஒன்று உண்டு. நன்றாக ஆடுகிறவனைக் கூப்பிட்டு பர்மனென்ட் வேலை கொடுத்துவிடுவார்கள். பஸ், கேன்டீன், யூனிஃபார்ம், பிள்ளை பெற்றால் ஆஸ்பத்திரி, எல்லாம் அவர்கள் பாடு. அந்த வருஷம் அவர்களுக்கு ஒரு ஸ்டாப்பர் தேவைப்பட்டது, ஒரே ஒருவர். எங்கள் வட்டார டோர்னமென்ட் ஃபைனலைப் பார்த்து முடிவு செய்யப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஃபைனலுக்கு வந்த இரண்டு டீம் எவை என்று நான் சொல்லவா வேண்டும்? அடுத்த வருஷம் என்னவருக்கு வயது தாண்டிவிடும். இது போனால் ஆயுசுக்கும் மூட்டைதான்.

ஃபைனலுக்குக் கொஞ்ச நாள் முன்பு எங்கள் கீப்பர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டான். பதிலுக்கு என்னவர் ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரன், தெருமுனை பேக்கரியில் வேலை. நல்ல உயரம், பந்தைப் பாய்ந்து பிடிப்பதில் சூரன். தமிழ் மட்டும் சுட்டுப்போட்டாலும் வராது. அதனால் ஒன்றும் குறைச்சல் இல்லை. மைதானத்தில் கூப்பாடெல்லாம் இங்கிலீஷில்தான். ‘கீப்பர்’ என்றால் நீ எடு, ‘லீவ்’ என்றால் விட்டுவிடு.

அன்றைக்குச் சின்னத் தெருப் பெண்கள் எல்லாம் எங்கள் கோலுக்குப் பின்னால் நின்றோம். எதிர்ப்பக்கக் கோலுக்குப் பின்னால் அக்கா, மாம்பழக் கலர் புடவையில். கால்பந்துக்கு யாராவது அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வருவார்களா? தொழிற்சாலைக்காரர்கள் ஓரத்தில், எங்கள் பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னவர் ஆடியதைப் பார்க்கவேண்டுமே! அவரைத் தாண்டி ஈ எறும்பு போகவில்லை. “உன் வூட்டுக்காரரு இன்னிக்கு சக்கத்தா ஆடறாரு, வேல கன்ஃபார்ம்டீ” என்று பக்கத்து வீட்டுக்காரி என் தோளைக் கிள்ளினாள். நான் மனதுக்குள் தொழிற்சாலை பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு டாட்டாவும் காட்டிவிட்டேன்.

ஆட்டம் முடியப்போகிற நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. மாமா தன் கோல் பக்கத்திலிருந்து ஒரு பந்தை, தொலைந்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு உதைத்தார். அது காற்றில் ஏறி எங்கள் பக்கம் வந்து விழுந்து குதித்தது. அவர்களுடைய ஆள் ஒருவன் துரத்திக்கொண்டு வந்தான். என்னவர் முதுகால் அவனை மறித்துக்கொண்டே கோலை நோக்கி ஓடிவந்தார். கீப்பரும் முன்னால் வந்துவிட்டான், கையை நீட்டினால் பந்து அவனுக்குத்தான். அந்தப் பதற்றத்தில் என்னவருக்கு இங்கிலீஷ் மறந்து தாய்மொழி வந்துவிட்டது.

“பிடி! பிடி!” என்று கத்தினார்.

நீட்டிய கையை அவன் இழுத்துக்கொண்டான். ஒதுங்கி வேறு நின்றான். பந்து இருவருக்கும் நடுவில் ஒரு தரம் குதித்து, எங்கள் கண் முன்னாலேயே உருண்டு கோலுக்குள் போனது.

“அண்ணா, நீவே பிடி அந்த்ரல்லா!” நீங்கள்தானே பிடி என்றீர்கள் என்று அவன் அழாத குறையாகக் கேட்டான்.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. நான் கார்மென்ட்ஸில் தையல் மெஷினில் உட்காருகிறவள், சூப்பர்வைசரம்மா கன்னடத்துக்காரர், நாளெல்லாம் காதில் விழுகிற சொல்தான். கன்னடத்தில் பிடி என்றால் விடுங்கள் என்று அர்த்தம், அதுவும் மரியாதையோடு. எழுதிப் பார்த்தால்கூட நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும். பெரியவர் மரியாதையாக விடுங்கள் என்கிறாரே என்று அந்தப் பாவி விட்டுவிட்டான்.

இது கூட்டத்துக்கு எப்படித் தெரியும்? “கன்னடக்காரன் வேணும்னே வுட்டான்டா! பேக்கரிக்காரன வெலைக்கு வாங்கிட்டாங்கடா!” என்று எவனோ கத்தினான். நம்மாட்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே பாய்ந்தார்கள். ஒருவன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். தமிழன், கன்னடக்காரன் என்று ஊர் அப்போது புகைந்துகொண்டிருந்த நிலவரத்தில் ஓர் அடி விழுந்திருந்தால் அது மைதானத்தோடு நின்றிருக்காது.

என்னவர் நடுவில் புகுந்து இரண்டு கையையும் விரித்து நின்றார். “அவன் மேல கை வெச்சா மரியாத கெட்டுடும். நான்தான்டா வுடச் சொன்னேன். நான்தான் சொன்னேன்!”

மைதானம் பூராவும் கேட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன செவிடா? ஒருவர் இன்னொருவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னதை நான் பார்த்தேன். ஐயோ, வாயை மூடித் தொலையேன் மனுஷா என்று வாய்க்குள்ளேயே திட்டினேன். அவ்வளவுதான், ஆட்டமும் கலாஸ், வேலையும் கலாஸ்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“நீங்க புடின்னுதானே சொன்னீங்க? அத சொல்ல வேண்டியதுதானே?”

“வெளக்கம் சொல்றதுக்குள்ள அவனப் பொளந்திருப்பானுங்க.”

“பொளந்தா பொளக்கட்டும். நம்ம பொழப்பு போச்சே!”

“ஆட்டம்னா அப்படித்தான். வுடு” என்று கால் கழுவப் போய்விட்டார்.

பெரிய தர்மப்பிரபு! வேலை மாமாவுக்குக் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு உதைத்த உதைக்கு, கோல் போட்ட ஸ்டாப்பர் என்று பெயர். அக்கா ஸ்வீட் டப்பாவோடு வந்து, “நம்ம வூட்டுக்கே கெடச்ச மாதிரிதானேடி” என்றாள். நம்ம வீடா? எந்த வீடு? பல்லைக் காட்டிவிட்டு மைசூர்பாக்கைத் தின்றேன். நல்ல நெய், அதனால் இன்னும் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் நான் கார்மென்ட்ஸுக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நிற்பேன். என் பஸ் வராது. தொழிற்சாலை பஸ் டாண் என்று வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து மாமா கை ஆட்டுவார். நல்ல மனுஷர்தான், அவர்மேல் ஒரு குறை சொல்ல முடியாது, அதுவும் எனக்கு எரிச்சல். அதுவரை என்னைப் போலவே கார்மென்ட்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா தையல் வேலையை விட்டாள். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனாள். வாசலில் ரோஜாச் செடி வைத்தாள். அவள் போன் பண்ணி ரோஜா பூத்த கதை சொல்லும்போதெல்லாம், அதில் பூச்சி விழவேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். விழவும் விழுந்தது, ஆனால் தொழிற்சாலைத் தோட்டக்காரன் வந்து மருந்தடித்துவிட்டுப் போனானாம்.

என்னவரோ அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் கீப்பர் பையன் வீட்டுக்கு வந்தால் பன் வாங்கிக்கொண்டு வருவான், இரண்டு பேரும் பாதி கன்னடம் பாதி தமிழில் அரட்டை அடிப்பார்கள். மாமாவை எங்கே பார்த்தாலும் “என்ன சகல” என்று தோளில் கை போடுவார். இந்த மனுஷனுக்குச் சூடு சொரணையே கிடையாதா, இவருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே பொறாமைப்பட வேண்டியிருக்கிறதே என்று எனக்குத் தோன்றும்.

சில வருஷம் கழித்து ஒரு தீபாவளிக்கு முன்னால் அக்கா ஒரு பை நிறையத் துணி கொடுத்தாள். “மாமாவுக்குப் புது யூனிஃபார்ம் வந்துடுச்சுடி. பழசு நல்லாத்தான் இருக்கு, உன் வூட்டுக்காரரு வேலைக்குப் போட்டுக்கட்டும்.” கெட்டியான நீலச் சட்டைகள். பாக்கெட்டில் தொழிற்சாலை முத்திரை, மஞ்சள் நூலில் எம்பிராய்டரி. முகத்தில் விட்டெறியலாம் போல இருந்தது. ஆனால் மூட்டை தூக்குகிற தோளுக்கு அந்த மாதிரித் துணி வெளியில் கிடைக்காது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசற்படியில் உட்கார்ந்து பிளேடால் அந்த முத்திரையைப் பிரிக்க ஆரம்பித்தேன். அடுத்தவன் தொழிற்சாலைப் பேரை மாரில் குத்திக்கொண்டு என் புருஷன் போகவேண்டிய அவசியம் இல்லை என்று எனக்கு ரோஷம். ஓரத்தில் நாலு தையல் பிரித்திருப்பேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர் பக்கத்தில் நின்றார். சட்டையை என் மடியிலிருந்து எடுத்து, பிரிந்துபோன இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டவைக்கிற மாதிரி தடவினார்.

“இத எதுக்குப் பிரிக்கறே?” என்றார். என்னைப் பார்க்கவில்லை. “வுடு. அது இருந்துட்டுப் போகட்டும்.”

நான் பிளேடைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய் மஞ்சள் நூல் தேடினேன்.