பத்து வீச்சும் செல்லாது

சாப்ட்பால் ஆட்டத்துக்கு எத்தனை சங்கங்களோ, பந்து வீசுவதற்கு அத்தனை விதிகள். வீசுகிறவரின் இரண்டு காலும் தரையில் பதித்த பலகையின்மேல் இருக்க வேண்டும் என்று ஒரு சங்கம் சொல்லும். ஒற்றைக் கால் போதும் என்று இன்னொன்று சொல்லும். வீசுமுன் பந்தை இரு கையாலும் பிடித்து ஒரு நொடி அசையாமல் நிற்க வேண்டும் என்று ஒன்று கட்டளை போடும், மற்றது அதைப் பற்றி மூச்சே விடாது. வேலையற்றவர்கள் செய்த வேலை என்று யாராவது சிரித்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

உலகப் போர் முடிந்த மறு வருடம். உடற்பயிற்சி ஆசிரியைச் சான்றிதழுக்காக நானும் மயிலாப்பூரிலிருந்த என் தோழி ஒருத்தியும் அடையாற்றில் படித்துக்கொண்டிருந்தோம். ஆழ்வார்பேட்டையிலிருந்து நான் நடந்து மயிலாப்பூர்க் குளத்தருகே வருவேன், அங்கிருந்து இருவரும் பஸ் பிடிப்போம். அவளுக்குப் பத்தொன்பது வயதில் கணவன் இறந்துபோனான். அண்ணன் வீட்டில் இருந்தாள். அந்த அண்ணன் அவளுக்கு ஒரே ஒரு வருடம் தவணை கொடுத்திருந்தார். தேறினால் தியாகராய நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை, அங்கேயே தங்க அறை. தேறாவிட்டால் கும்பகோணத்தில் மாமியார் வீடு.

"அந்தாத்துல என்னைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டாடி" என்று பஸ்ஸில் ஒருநாள் சொன்னாள். அதற்குமேல் அந்த வீட்டைப் பற்றி அவள் சொன்னதில்லை.

சாப்ட்பால் சொல்லிக்கொடுத்தவர் பாதியில் மாற்றலாகிப் போனார். மீதியைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். புத்தகசாலையில் இருந்தவை இரண்டே புத்தகங்கள், வெவ்வேறு சங்கத்தார் போட்டவை. ஒன்று தடி, ஒன்று மெலிசு. காகிதத்துக்குப் பஞ்சமான காலம், கடையில் விலைக்கு வாங்க வழியில்லை. கையால் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். கை வலிக்குமே என்று மெலிசை எடுத்து எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எனக்கு ஒரு கர்வம். அவள் என் நோட்டைத்தான் படித்தாள்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மதில் சுவரில் கரியால் கட்டம் போட்டு வீசினாள். ஒற்றைக் கையில் பந்து, ஒற்றைக் கால் பலகையில், கை ஒரு முழுச் சுற்று சுற்றி வரும். பந்து கட்டத்தை விட்டு விலகாது. இவ்வளவு அழகாக ஒருத்தி எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தபோது, தடிப் புத்தகத்தின்படிதான் பரீட்சை என்று ஒரு வகுப்புத் தோழி சொன்னாள். போய்ப் பார்த்தேன். வீச்சு விதி முழுக்க வேறு. அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்கலாம். தப்பான புத்தகத்தை எழுதினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? பந்து போய்ச் சேர்ந்தால் சரி, காலையும் கையையும் யார் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பார்த்தார்கள். பரீட்சை நடத்த வெளியிலிருந்து வந்த அம்மாள் முதல் வீச்சுக்கே "செல்லாது" என்றார். ஏன் என்று சொல்லக் கூடாது, அது பரீட்சை ஒழுங்கு. வேகம் போதவில்லை என்று அவள் நினைத்திருக்க வேண்டும். இன்னும் வேகமாக வீசினாள். செல்லாது. இன்னும் வேகமாக. செல்லாது. பத்தும் நேராகக் கட்டத்துக்குள். பத்தும் செல்லாது. ஓர் ஆட்டத்தில் தவறினாலும் சான்றிதழ் கிடையாது.

வரிசையில் நான் அவளுக்குப் பின்னால் நாலாவது ஆள். இரண்டு கையையும் சேர்த்து ஒரு ஜாடை காட்டியிருந்தால் போதும், அவள் கெட்டிக்காரி, பிடித்துக்கொண்டிருப்பாள். நான் குனிந்து என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முறை வந்தபோது இரண்டு காலையும் பலகையில் வைத்தேன், பந்தை இரு கையாலும் பிடித்தேன், ஒரு நொடி நின்றேன். பத்தில் ஆறு கட்டத்துக்கு வெளியே போயின. நாலு உள்ளே விழுந்தால் போதும். தேறிவிட்டேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளே ஆரம்பித்தாள்.

"நீ வீசினதைப் பாத்தேன். ரெண்டு கையாலயும் பிடிக்கணும்னு நோட்டுல இருந்திருக்கும், நான்தான் சரியாப் படிக்கலை. அவ்வளவு பாடுபட்டு எழுதிக் குடுத்தே, வீணடிச்சுட்டேனே. கோச்சுக்காதேடி."

நான் "அழாதே" என்றேன். அவள் அழவே இல்லை. நோட்டைப் பையிலிருந்து எடுத்து, அட்டையைத் துடைத்து என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

ஆவணியில் அவளைக் கும்பகோணத்துக்கு ரயிலேற்றினார்கள். தியாகராய நகர்ப் பள்ளியில் அந்த இடம் காலியாகத்தானே இருந்தது, எனக்குக் கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.