படுத்துக்கிடந்து பிள்ளை வளர்த்தவர்

மூதூரிலிருந்து வருகிற லோஞ்ச் படகு திருகோணமலை ஜெட்டியில் அணையும்போதே, அதில் கயிறு வீசுகிற நயீம் என்னைப் பார்த்துக் கையை விரித்தான். சொல்லிவிட்ட மீன் கிடைக்கவில்லை என்கிறானாக்கும் என்று நினைத்தேன். கிட்ட வந்துதான் சொன்னான்.

"கந்தையாண்ணன், உங்கட சவிரிமுத்து விடியக்காலம் முடிஞ்சு போனார்."

கயிறு கட்டுகிற இரும்புக் குற்றியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகும்போது சொல்லிச் சிரிப்பதற்கென்று ஒரு பகிடி வைத்திருந்தேன். இனி அதை யாரிடம் கொண்டுபோய் இறக்குவது?

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவர் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நம் துறைமுகத் தொழிலாளர் சங்க மலரைப் புதிதாக வந்த பிள்ளைகளும் வாசிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். கப்பலின் அடித்தட்டில் மூட்டை அடுக்குகிற எங்களை, மேலே பாரம் தூக்குகிற வின்ச் பிடிக்கிறவனுக்குத் தெரியாது. அவனை எங்களுக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவே, திறந்த தட்டின் விளிம்பில் நின்று கையால் கதைக்கிறவர் சவிரிமுத்து. உள்ளங்கை வானத்தைப் பார்த்து உயர்ந்தால் ஏற்று. நிலத்தைப் பார்த்து மெல்ல மெல்லத் தட்டினால் இறக்கு. கை மூடினால் நில். அந்தக் கையை நம்பித்தான் நாங்கள் தலைக்கு மேல் தொங்குகிற பாரத்துக்குக் கீழே நின்றோம்.

அந்தக் கையைத் தவிர அவருடைய உடம்பில் வேறெதுவும் வேலை செய்ததை நான் காணவில்லை. கப்பலுக்குக் கப்பல் இடைவெளி கிடைத்தால் நிழல் தேடிப் படுத்துவிடுவார். கவிழ்த்த வத்தைத் தோணியின் அடியில், சாக்குக் குவியலில், ஒருமுறை பெரியதுரையின் காருக்குப் பின்னால்கூட. "ஓய், உம்மைப் பெத்த மனுசி தொட்டிலிலையிருந்து இறக்க மறந்து போனாவோ?" என்று கேட்பேன். கண்ணைத் திறக்காமலே சொல்வார்: "நிக்கிற நேரம் நிண்டால் போதும் கந்தையா. மிச்ச நேரம் நிண்டு ஆருக்குக் காட்டுறது?"

இப்படிப்பட்டவர் என் மகளை வளர்த்த கதையைத்தான் எழுத வந்தேன்.

வெள்ளைக்காரனின் கடற்படை திருகோணமலையை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்களுக்கு நாட்கூலி. கப்பல் வந்தால் முதுகு முறியும், வராவிட்டால் வயிறு காயும். வீட்டில் என் மனைவி பூமணி சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தாள். மகள் வதனி மாதம் நிறையாமல் பிறந்தவள். பிள்ளைப்பேற்றுக் காய்ச்சல் முழுதாக விடுமுன்னமே பூமணி இடியப்ப உரலைப் பிடித்துவிட்டாள். குசினிக் கூரையின் வளைமரத்தில் பழஞ்சேலையால் ஏணை கட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றைத் தன் கால்விரலில் முடிந்துகொள்வாள். கை இடியப்பம் பிழியும், கால் பிள்ளையை ஆட்டும். பிள்ளை அழாது. ஊரே மெச்சியது. "தங்கமான பிள்ளை, இருக்கிற இடமே தெரியாது" என்று நானும் ஜெட்டியில் பெருமை அடித்தேன்.

சவிரிமுத்து மட்டும் கண்ணைத் திறந்தார். "சத்தம் போடாத வின்ச்சை நான் நம்பிறேல்ல, ஓய்."

எனக்குக் கோபம். ஆனால் அதே கிழமை கிளினிக்கில் தாதி மிஸ்ஸியும் அதைத்தான் வேறு சொல்லில் சொன்னா. வதனிக்கு அரை வருடம் தாண்டியும் கழுத்து நிற்கவில்லை. புரளவில்லை. முகத்துக்கு நேரே விரலை ஆட்டினால் கண் சோம்பலாகப் பின்னால் வந்தது. "எப்பவும் ஏணையில போட்டு வைக்காதீங்கோ. தரையில விடுங்கோ. குப்புறப் போடுங்கோ, கதையுங்கோ, விளையாட்டுக் காட்டுங்கோ. அசைவு வருதோ எண்டு பாத்துத்தான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிறதைப் பற்றிச் சொல்லலாம்" என்றா.  பூமணி வீட்டுக்கு வந்து அரிசி மாவை வறுத்துக்கொண்டே சொன்னாள்: "விளையாட்டுக் காட்டட்டாம். நிமிர்ந்து நிக்கவே ஏலாது எனக்கு. நீங்கள் வந்தால் சோத்துக் கோப்பையில தலையை வைச்சு நித்திரை. ஆர் விளையாடுறது?"

 மறுநாள் வேலையில் நான் வாயைத் திறக்காமல் இருந்ததே சவிரிமுத்துவுக்கு அதிசயம். கேட்டார், சொன்னேன். மாலையில் பக்கத்து வளவிலிருந்த தன் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, பாயைப் போடு."

"ஏன் அண்ணை, சுகமில்லையோ?"

"நல்ல சுகம். படுக்கப் போறன். பிள்ளையைத் தா."

"இந்த வேர்வையோட என்ர பிள்ளையைத் தொடுறேல்ல. போய்க் குளிச்சிட்டு வாங்கோ!"

முணுமுணுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்து பாயில் மல்லாந்து படுத்து, வதனியைத் தன் நெஞ்சின்மேல் குப்புறப் போட்டுக்கொண்டார். பிள்ளை முகத்தைப் புதைத்து வீரிட்டாள். பூமணி மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

"பொறு தங்கச்சி. என்ர நெஞ்சுமயிரில இருந்து தப்பவாவது தலையைத் தூக்குவாள்."

அன்றைக்குத் தூக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. அவர் வந்துகொண்டே இருந்தார். "களைச்சவனுக்கு ஏத்த வேலை இது ஒண்டுதான். படுத்துக்கிடந்தே செய்யலாம்" என்பார். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டி வருகிற வெள்ளித்தாளில் ஒரு கிழிசலைக் கொண்டுவந்து வளையில் தொங்கவிட்டார். காற்றுக்கு அது மினுங்க, பிள்ளையின் கண் அதன் பின்னால் போகத் தொடங்கியது. கைக்கு எட்டாத உயரத்தில் கட்டியிருந்தார். "வாயில வைச்சிட்டால் பிறகு பூமணி என்னை அவிச்சுப் போடுவா." பால்மாத் தகர ரின்னுக்குள் புளியங்கொட்டை போட்டு மூடியை இறுக்கி, பாயின் ஓரத்தில் உருட்டுவார். தோளில் போட்ட துண்டால் தன் முகத்தை மூடுவார். பிறகு எடுப்பார். மூடுவார். எடுப்பார். பார்த்துக்கொண்டிருக்க எனக்குத்தான் கொட்டாவி வரும்.

எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. ஒன்றைச் செய்துவிட்டுப் பேசாமல் கிடப்பார். பிள்ளையின் முகத்தையே பார்ப்பார். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"என்ன ஓய், விளையாடுறீரோ, தவம் கிடக்கிறீரோ?"

"நான் கையைக் காட்டினால் வின்ச்காரன் பதில் தரவேணும். பதில் வருமட்டும் அடுத்த கை காட்டிறேல்ல. காட்டினால் பாரம் ஆரின்ர தலையிலயோ விழும். இப்ப அவளின்ர முறை. நீர் வாயை மூடும்."

அந்த முறை வரவே வராது என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. பூமணி அதை வாயால் சொல்லாமல், கோயில் நூலாக வாங்கிப் பிள்ளையின் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள். கப்பலில்லாத ஒரு மத்தியானம் நான் சொல்லியே விட்டேன். "விடும் சவிரி. உமக்கும் அலுப்பு, எங்களுக்கும் அலுப்பு. இவளுக்கு ஏலாதாக்கும்."

அவர் கோபித்ததை அன்று ஒருநாள்தான் கண்டேன். "கப்பலில்லாத நாளிலயும் நாங்கள் ஜெட்டிக்குப் போய் நிக்கிறமெல்லோ? ஏன் நிக்கிறம்? போம், போய்ப் படும்."

பிறகு மெல்ல மெல்லத் தலை எழும்பியது. முதலில் ஒரு கணம், ஆமை எட்டிப் பார்ப்பதுபோல. அப்புறம் மீசையைப் பிடித்து இழுக்குமளவுக்கு. அவர் வலியில் கத்த, அவள் முதன்முதலாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். அதன்பின் தன் தொழிலையே விளையாட்டாக்கினார். உள்ளங்கையை வானம் பார்க்க உயர்த்திக் காட்டுவார், "ஏத்து" என்பார், அவளைத் தூக்குவார். கையை நிலம் பார்க்கத் தட்டுவார், "இறக்கு", மெல்ல இறக்கிப் பாயில் வைப்பார். பிறகு காத்திருப்பார்.

ஒரு மாலை, கோதுமை மா மூட்டைக் கப்பலில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்தவர், விளையாட்டின் நடுவிலேயே குறட்டை விட்டுவிட்டார். வதனி பக்கத்தில் பாயில் கிடந்தாள். நான் சுவரில் சாய்ந்திருந்தேன், எழும்பி அவளைத் தூக்கச் சீவனில்லை. அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. சிறிது நேரம் பொறுத்து, தன் சின்னக் கையைத் தூக்கினாள். விரலெல்லாம் விரிந்து, உள்ளங்கை வானத்தைப் பார்த்து. கை கீழே விழாமல் நின்றது.

பூமணியின் கையிலிருந்த இடியப்பத் தட்டு அப்படியே சரிந்தது. அவள் அழுதுகொண்டே போய் அவருடைய தோளை உலுப்பினாள். "எழும்புங்கோ அண்ணை! உங்களுக்கு ஏத்தச் சொல்லி ஓடர் வந்திருக்கு!"

அவர் திடுக்கிட்டு எழும்பி, கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பிள்ளையை வளை முட்டத் தூக்கினார்.

வதனி பிந்தித்தான் உட்கார்ந்தாள், பிந்தித்தான் நடந்தாள். இடது கால் இன்றைக்கும் கொஞ்சம் இழுக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும். இப்போது கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிறாள், வாயில் என்னை வென்றவள். நான் எத்தனையோ தரம் சவிரிமுத்துவுக்கு நன்றி சொல்லப் பார்த்தேன். "வளர்ந்தது அவள். நான் படுத்துக்கிடந்தனான்" என்பதோடு முடித்துவிடுவார்.

வேலை விட்டபின் அவர் மூதூரில் தன் கூடப்பிறந்த தங்கச்சி வீட்டோடு போய்விட்டார். அடக்கத்துக்கு லோஞ்ச் நிறைய நாம் போனோம். வெயில் கொதித்தது. சவக்காலையில் பெட்டியை இறக்கக் கயிறு பிடித்தவர்கள் நம் பழைய ஆட்கள்தான். எல்லோருக்கும் கை தளர்ந்த வயது. தலைமாட்டுப் பக்கக் கயிறு வழுக்கியது, பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. ஆளுக்கொரு பக்கம் கத்தத் தொடங்கினார்கள். சுவாமியார் செபத்தை நிறுத்திவிட்டார்.

அப்போது குழியின் கால்மாட்டில் நின்ற வதனி கையை நீட்டி மூடினாள். கத்தல் நின்றது. கயிறுகளும் நின்றன. பிறகு உள்ளங்கையை நிலம் பார்க்கத் திருப்பி, தலைமாட்டுக்காரரைப் பார்த்து மெல்லத் தட்டினாள், கால்மாட்டுக்காரரைப் பார்த்து மெல்லத் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் பொறுத்தாள். அந்தக் கையை நம் ஆட்களுக்குத் தெரியும். பெட்டி நேராகி, ஒரு கல்லிலும் முட்டாமல் கீழே போனது. கயிறு தளர்ந்ததைக் கண்ட பிறகுதான் அவள் கையை எடுத்தாள்.

திரும்பி வரும்போது லோஞ்சில் வதனி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன பிள்ளை, களைச்சுப் போனியோ?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. நான் இரண்டாம் தரம் கேட்கவில்லை, பொறுத்திருந்தேன். கொட்டியாரக் குடாவின் பாதியைத் தாண்டின பிறகு கடலைப் பார்த்தபடி சொன்னாள்:

"சவிரி மாமா கடைசியில நல்ல நிழலாப் பாத்துத்தான் படுத்திருக்கிறார், அப்பா."

ஓம். குழிக்கு மேலே பெரிய வேப்பமரம் ஒன்று நின்றது, நான்தான் கவனிக்கவில்லை. நான் சேர்த்து வைத்திருந்ததைவிட அது நல்ல பகிடி. இருவரும் சிரித்தோம்.

வாயாடியான எனக்கு அவர் விட்டுப்போனது இதுதான்: ஒன்றைச் சொல்லிவிட்டு, மற்றவரின் முறை வருமட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கிற பொறுமை. அதையும் அவர் படுத்துக்கிடந்துதான் தந்தார்.