சும்மா சுற்றும் இயந்திரத்துக்கு ஒரு காவல்

அந்த அனல்மின் நிலையத்தை மூடி நாலு வருடமாகிறது. எண்ணூறு பேர் போய்விட்டார்கள். புகைபோக்கியில் புறாக்கள் குடியேறிவிட்டன. ஒரே ஒரு ஜெனரேட்டரை மட்டும் விட்டுவைத்தார்கள். அது மின்சாரம் தயாரிப்பதில்லை. லைனிலிருந்து கொஞ்சம் வாங்கித் தின்றுகொண்டு நாள் முழுக்கச் சுற்றுகிறது. சூரிய மின்சாரம் திடீரென்று காலை வாரினாலும் சுற்றுகிற நூறு டன் இரும்பு உடனே தளராது. அந்தச் சில வினாடிகளில் மற்ற நிலையங்கள் சுதாரித்துக்கொள்ளும்.

அதற்குக் காவல் ஓர் ஆபரேட்டர். பழைய சகாக்கள் வைத்த பெயர் ‘சும்மா சார்’. மணிக்கொரு தரம் பதிவேட்டில் ‘உற்பத்தி’ என்ற கட்டத்தில் நேர்மையாகப் பூஜ்யம் போடுவார். தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு வருடத்துப் பூஜ்யங்களைப் பார்த்துவிட்டு, உற்பத்தியே இல்லாத இடத்தில் பகலில் இரண்டு பேர் எதற்கு என்று ஒருவரைத் தூக்கிவிட்டார். அதன்பிறகு அந்தப் பெரிய கூடத்தில் இவர் இருமினால் இவருக்கேதான் கேட்கும். ஆளில்லாமல் இயந்திரத்தை விடக்கூடாது என்ற விதியை மட்டும் யாரும் தூக்கவில்லை.

அன்று நகரத்து ஆஸ்பத்திரியில் மனைவிக்கு மூன்று மணிக்குப் பித்தப்பை ஆபரேஷன். பிள்ளைகள் இல்லை. “உள்ள போறதுக்கு முன்னாடி உங்க முகத்தைப் பாத்துட்டுப் போறேன், அது போதும்” என்றிருந்தாள். பன்னிரண்டுக்கு மாற்று ஆள் வருவதாகப் பேச்சு. ஒன்றரைக்கு அதிகாரிக்குப் போன் செய்தார்.

“வந்துக்கிட்டே இருக்காரு. அங்க என்ன, சும்மாதானே சுத்துது? பூட்டிட்டுப் போய்ட்டு வாங்களேன்.”

“அதை எழுத்துல குடுங்க சார்.”

மறுமுனைக்குச் சட்டென்று வேறு வேலை வந்துவிட்டது.

இரண்டே காலுக்குக் கூடத்தின் ரீங்காரம் ஒரு சுருதி இறங்கியது. எங்கோ சூரிய மின்சாரம் சுமந்துவந்த பெரிய லைன் துண்டித்துக்கொண்டது. அந்த அதிர்ச்சியில் பேரிங்குக்கு எண்ணெய் தரும் பம்ப் நின்றது; மாற்று பம்ப் தானாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓடிப்போய்க் கையால் போட்டார். இயந்திரம் நிற்கவில்லை. பத்து வினாடியில் பேட்டரி நிலையம் சுமையை ஏற்றது. பாராட்டையும் அதுவே ஏற்றது. ஊரில் ஒரு விளக்கும் அணையவில்லை. ஆஸ்பத்திரிக்குச் சொந்த ஜெனரேட்டர் உண்டு. ஆகவே மனைவியைக் காப்பாற்றினார் என்றும் சொல்வதற்கில்லை.

இரண்டே முக்காலுக்கு அவளே கூப்பிட்டாள். “கிளம்பிட்டீங்களா?”

“ஆள் வரலைம்மா.”

“அந்த மிஷின் என்ன, ஓடியா போயிடும்?”

“ஓடாது. நின்னுடும்.”

“அப்ப நான்?”

அதற்குள் நர்ஸ் போனை வாங்கிவிட்டார்.

மாற்று ஆள் வந்து, இவர் ஆஸ்பத்திரி சேர்ந்தபோது ஆறு மணி. அவள் கண் விழித்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள்.

“கையெழுத்துப் போட சொந்தக்காரங்க யாருன்னு கேட்டாங்க. பக்கத்து பெட் அம்மாவோட மருமகன் போட்டாரு. என்ன உறவுன்னு எழுதறதுன்னு முழிச்சாரு. தம்பின்னு போடுங்கன்னேன். நல்ல மனுஷன், நான் உள்ள போறப்ப ‘பயப்படாதீங்கக்கா’ன்னாரு.”

நன்றி சொல்லலாமென்று எழுந்து போய்த் தேடினார். பக்கத்துப் படுக்கையில் உறை மாற்றிக்கொண்டிருந்தார்கள். புது மைத்துனர் தன் மாமியாரை அழைத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டாராம்.