சின்ன மருமகள் வழக்கு

சட்டக் கல்லூரியில் சாட்சியச் சட்டம் நடத்திய அந்த விரிவுரையாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘தாலாட்டு சார்’. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் வகுப்பு. பாதிப் பேர் கண்ணைத் திறந்தபடியே தூங்கப் பழகியிருந்தார்கள். குரலை உயர்த்திப் பார்த்தார், கேள்வி கேட்டுப் பார்த்தார்; ஒன்றும் பலிக்கவில்லை.

ஒருநாள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மனைவி பார்த்த தொலைக்காட்சித் தொடரில், மாமனாரின் பாலில் விஷம் கலந்ததாகச் சின்ன மருமகளை வீட்டைவிட்டுத் துரத்தினார்கள்.

“அவ கலந்ததை யாரு பார்த்தா?” என்று கேட்டார்.

“மூஞ்சியப் பார்த்தாலே தெரியலையா? பேசாம சாப்பிடுங்க,” என்றாள் மனைவி.

பிசைந்த கை அப்படியே நின்றது. தன் பாடப்புத்தகம் மொத்தமும் இந்த ஒரு பதிலோடுதானே மல்லுக்கட்டுகிறது என்று தோன்றியது.

மறுநாள் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு விஷம் கலந்ததாகச் சொன்ன அந்தச் சமையலறைக் காட்சியைச் சுவரில் ஓடவிட்டார். ஒரே சிரிப்பு. தொடரே பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்த விடுதிப் பையன்கள்தான் கதையைக் கரைத்துக் குடித்திருந்தார்கள். வகுப்பையே நீதிமன்றமாக்கினார். மூன்று பேர் நீதிபதிகள். வாயாடி ஒருவன் அரசு வக்கீல். சின்ன மருமகளுக்காகப் பேச மட்டும் ஆளில்லை.

கடைசியில், வருகைப்பதிவுக்குத் தவிர வாயே திறக்காத ஜன்னலோரத்துப் பெண் எழுந்தாள்.

“சார், சத்தமில்லாம ஒருதடவை போடுங்க.”

போட்டார். இடி போன்ற இசை இல்லை. ஒரு பெண் சமையலறைக்குள் போனாள், தண்ணீர் குடித்தாள், வெளியே வந்தாள். அவ்வளவுதான்.

“அவ திமிர் பிடிச்சவதான். எனக்கும் பிடிக்காது,” என்றாள் அந்தப் பெண். “ஆனா நம்மள பயமுறுத்துனது அந்த மியூசிக். அதைச் சாட்சிக் கூண்டுல ஏத்த முடியுமா?”

அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டான். விடுதலை என்று நீதிபதிகள் சொன்னார்கள். மணி அடித்தும் யாரும் எழவில்லை. விரிவுரையாளருக்கு வருடக்கணக்காக ஒப்பித்த சட்டம் கண்முன்னே உயிரோடு நடந்துபோனதுபோல் இருந்தது.

சில வாரங்களில், விஷம் வைத்தது சின்ன மருமகளேதான் என்று தொடரில் காட்டிவிட்டார்கள். மனைவிக்கு வெற்றிக் களிப்பு. வகுப்பிலோ அரசு வக்கீல் துள்ளிக் குதித்து, தீர்ப்பு தப்பு என்றான்.

ஜன்னலோரத்துப் பெண் இந்தமுறை உடனே எழுந்தாள்.

“அன்னைக்கு நம்ம கையில என்ன சாட்சி இருந்துச்சு? ஒண்ணுமில்ல. திரும்ப அதே சாட்சியோட வழக்கு வந்தா, திரும்பவும் விடத்தான் வேணும். குத்தவாளின்னு தெரிஞ்சு வலிச்சாலும்.”

அதற்குமேல் விளக்க விரிவுரையாளரிடம் ஒன்றும் மிச்சமில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு, காலியாயிருந்த பெஞ்சு ஓரத்தில் போய் உட்கார்ந்தார். அரசு வக்கீல் பதில் சொல்ல எழுந்துகொண்டிருந்தான்.