சஸ்மிதா ஏன் பேசவில்லை?

போன வியாழக்கிழமை நடந்ததை நினைத்தால் இன்னும் படபடப்பாகத்தான் இருக்கிறது.

ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்று ஒரகடத்தில் ஏழு கம்பெனிக்கு என் பஸ்தான் ஆள் ஏற்றிப் போகிறது. பக்கத்துப் பள்ளியில் ஃபேன், பெஞ்சு எல்லாம் என் உபயம். நான் சொன்னால் அங்கே நடக்கும். வினையே அதுதான்.

அன்று நான் பள்ளிக்குப் போனபோது ஐந்தாம் வகுப்புக்கு ஓர் ஆராய்ச்சிப் பெண் வந்திருந்தார். டீச்சர் எந்தப் பிள்ளையிடம் கேள்வி கேட்கிறாரோ, அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே இவர் தன் தாளில் ஒரு கோடு போடுவார். இதற்கெல்லாமா ஆராய்ச்சி? சிரித்துக்கொண்டே தாளை எட்டிப் பார்த்தேன். முன் பெஞ்சுகளுக்குக் கோடு கோடாக... கடைசி பெஞ்சு நான்கு பேருக்கும் ஒன்றுகூட இல்லை.

அதில் ஒருத்தி சஸ்மிதா. என் வாடகை ரூமில் இருக்கும் ஒடிசாக்காரர் மகள்.

“அது வாயே தொறக்க மாட்டேங்குது சார். திங்கக்கிழமைலேர்ந்து மூணாங்கிளாஸ்ல உட்கார வெக்கப் போறோம்” என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ், அவர் அறையில் நானும் ஆராய்ச்சிப் பெண்ணும் உட்கார்ந்து விசாரித்தபோது.

திக்கென்றது. நான் மாடியில் இருப்பது தெரியாமல், காலையில் குழாயடியில் “நவுருக்கா, ஸ்கூலுக்கு டைமாச்சு” என்று என் காம்பவுண்டையே அதட்டுகிறவளா?

“தமிழ் நல்லா பேசுமே மேடம். இன்னாத்துக்குப் பின்னாடி போட்டீங்க?”

“நீங்கதானே சார் சொன்னீங்க? இந்திக்காரப் புள்ளைங்கள பின்னாடி போடுங்க, நம்ம புள்ளைங்க படிப்பு கெடுதுன்னு.”

சொன்னேன்தான். பெஞ்சு இறக்கிய அன்று. ஒடிசாவில் பேசுவது இந்தி இல்லை என்றுகூட அப்போது தெரியாது.

“இப்பவே கூப்டு வாசிக்கச் சொல்லுங்க” என்றேன்.

சஸ்மிதா வந்தாள். புத்தகத்தைப் பிடித்தாள். சத்தமே இல்லை.

“படிம்மா. பயப்படாத.”

தலை இன்னும் குனிந்தது. ஒரு பிள்ளையின் இரண்டு வருஷத்தை நானே தின்றுவிட்டேனா?

ஆராய்ச்சிப் பெண் குனிந்து விசாரித்தார். சஸ்மிதா அவர் காதோடு ஏதோ சொன்னாள்.

“ஓனர் எதிர்ல வாயத் தொறந்தா ரூமக் காலி பண்ணச் சொல்லிடுவாருன்னு அவங்கப்பா சொல்லி வெச்சிருக்காராம் சார்.”

ஹெட்மிஸ்ட்ரஸ் என்னையும் கதவையும் பார்த்தார். எனக்குக் கதவைக் காட்டிய ஆள் இந்த வட்டாரத்திலேயே கிடையாது... எழுந்து போனேன்.

வெளியே ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். சட்டை நனைந்துவிட்டது.

அப்புறம் கேட்டது — கணீரென்று ஒரு குரல். ஹெட்மிஸ்ட்ரஸ் “போதும்மா” என்ற பிறகும் அது நிற்கவில்லை.

சஸ்மிதா இனி ஐந்தாம் வகுப்பிலேயே, முன் பெஞ்சில்.

மிச்சம் மூன்று பேருக்கும் வீட்டு ஓனர் யார் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.