லிஃப்ட்டில் யாரும் இல்லை

நோர்வேயில், அம்மருட் பகுதியில் உள்ள எங்கள் அடுக்குமாடி லிஃப்ட்டில் கொஞ்ச காலமாக மாம்பழ வாசனை. சில நாள் ஸ்ட்ராபெர்ரி. நல்லதுதானே என்கிறீர்களா? என்னைப் போலவே பத்தாவது மாடியில் இருக்கும் செல்வராணியிடம் சொல்லிப் பாருங்கள்.

அவருக்கு ஆஸ்துமா. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வருவார். லிஃப்ட் கதவு திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடுத்த முறை வரட்டும் என்று நிற்பார். அடுத்த முறையும் அதே லிஃப்ட்தானே வரும்?

"உந்த மணம் நெஞ்சைப் பிடிக்குது அக்கா. படியேறவும் ஏலாது. நீங்கள் ஒருக்கா அந்தத் தம்பியோடை கதையுங்கோவன்."

தம்பி என்றது கார்த்திக்கை. சென்னையிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவர், பக்கத்து வீடு. யார் பையைச் சுமந்து வந்தாலும் தான் வாங்கிச் சுமப்பார். மகள் பிறந்ததும் சிகரெட்டை விட்டார். அதற்குப் பதிலாகத்தான் இந்த வேப், பழ மணத்தோடு ஆவி விடும் மின்சிகரெட்.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். பதறிப்போனார்.

"ஐயோ ஆன்ட்டி, யாராவது இருந்தா எடுக்கவே மாட்டேன். லிஃப்ட் காலியா இருந்தா மட்டும்தான்..."

"நீங்கள் இறங்கின பிறகு ஆக்கள் ஏறுவினம் எல்லோ தம்பி?"

"அது புகை இல்ல ஆன்ட்டி. வெறும் ஆவி. உடனே போயிடும்."

குடியிருப்போர் சங்கத் தலைவரான நோர்வேக்காரரும் அதையேதான் சொன்னார், புன்னகையோடு. லிஃப்ட்டுக்குள் புகைக்கத் தடை என்று ஒட்டியிருக்கிறதே என்றேன். அதில் சிகரெட் படம்தானே இருக்கிறது என்றார்! இந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரே ஒன்றைச் சொல்வதைவிட, மூச்சை அடக்கிக்கொண்டு போவது எளிது.

போன வாரம் ஒரு மாலை. வெளியே கடும் குளிர். இரண்டு கையிலும் சாமான் பைகளோடு வந்த செல்வராணி, வருவது வரட்டும் என்று அந்த மணத்துக்குள்ளேயே ஏறிவிட்டார். கீழே போவதற்காக நான் மேலே காத்து நின்றேன். கதவு திறந்தது. செல்வராணி தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. இன்ஹேலரை அழுத்துகிறார், அழுத்துகிறார்... மூச்சு வரவில்லை.

நான் போட்ட கூச்சலில் முதலில் ஓடிவந்தவர் கார்த்திக். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் அவர்தான். "மெதுவா, மெதுவா மூச்சு விடுங்க ஆன்ட்டி" என்று செல்வராணியைச் சாய்த்துப் பிடித்தபடியே இருந்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் போனது. நாங்கள் இருவரும் திரும்ப மேலே ஏறினோம். கார்த்திக்கின் கை பாக்கெட்டுக்குள் போனது. வாய்க்கு வந்தது. லிஃப்ட் முழுக்க மாம்பழம்.

"தம்பி!"

திடுக்கிட்டார். கையில் இருப்பதை யாரோ வைத்துவிட்டுப் போனது போலப் பார்த்தார்.

"சாரி ஆன்ட்டி... டென்ஷன்ல... கை தானா போயிடுச்சு."

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

செல்வராணி பிழைத்து வந்துவிட்டார். கார்த்திக் பழங்களோடு போய் மன்னிப்புக் கேட்டாராம். செல்வராணி தேநீர் போட்டுக் கொடுத்தாராம்.

இன்று காலை லிஃப்ட்டில் புதினா வாசனை. வாசலில் கார்த்திக்கைக் கண்டேன்.

"ஃப்ளேவரை மாத்திட்டேன் ஆன்ட்டி. இது அவங்களை அவ்வளவா ஒண்ணும் பண்ணாது" என்றார், அத்தனை அக்கறையோடு.

செல்வராணி இப்போது ரொம்மன் என்ற வேறு பகுதியில், லிஃப்ட் தேவைப்படாத தரைத்தள வீடு தேடுகிறார்.

மரியாதை தெரியாதவரோடு சண்டை பிடிக்கலாம். மரியாதை தெரிந்தவரை என்ன செய்வது?